ராக்கரை மாற்றினால் போதுமா?

மைசூருவில் மோட்டார் சைக்கிள் தொழில் கற்றவர்களுக்கு ஒரு குறை உண்டு. இந்த ஊர் பெற்றெடுத்த வண்டியில் வால்வே கிடையாது! யாதவகிரியில் 1960களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1996இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலையை நம் சங்கத்தின் மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து வந்த ஜாவாவும் எஸ்டியும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். கிக்கரும் கியரும் ஒரே லிவர். ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். சைலன்சரில் கரி எடுப்பது, பாயின்ட் செட் செய்வது, கார்புரேட்டர் கழுவுவது எல்லாம் எங்களுக்குக் கைவந்த கலை. டேப்பெட் என்றால்தான் சற்றுத் தயக்கம். யாராவது புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்தால், "அந்தத் தமிழ்க்காரரிடம் போங்கள்" என்று என் பட்டறையைக் காட்டுவார்கள். புல்லட் சென்னைத் திருவொற்றியூரில் பிறந்ததால், தமிழனுக்கு அது பிறவியிலேயே தெரியும் என்று நினைப்பு போலும்.

இன்று ஜாவா என்ற பெயரிலேயே நான்கு வால்வு எஞ்சின் வருகிறது. 2018இல் அந்தப் பெயர் மறுபடி சந்தைக்கு வந்தபோது 293 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்காகத்தான் வந்தது. ஆகவே வால்வு விஷயம் இனி எல்லோருக்கும் வேண்டியதே.

சென்ற பங்குனியில் நம் சங்கக் குடும்பத்துப் பையன் ஒருவன் தாத்தாவின் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டை எடுத்து வந்தான். பண்ணாரி அம்மன் குண்டத்துக்கு அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, சாமராஜநகர், ஆசனூர் வழியாகப் போக வேண்டுமாம். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "மாமா, புது ராக்கர் போட்டேன். அதிலிருந்து டிக் டிக்குன்னு சத்தம். வேறொரு பட்டறையில் டேப்பெட் டைட் பண்ணினாங்க, சத்தம் நின்னுடுச்சு. ஆனா சாமுண்டி மலை ஏறும்போது இழுவையே இல்லை" என்றான். கிக்கரை மிதித்துப் பார்த்தேன். சூடான எஞ்சினில் கம்ப்ரஷன் பாதிகூட இல்லை.

சத்தம் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காரணம் சொல்கிறேன். கேம் டேப்பெட்டைத் தூக்க, டேப்பெட் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையை ஏற்ற, மறுமுனை வால்வை அமுக்குகிறது. ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் ஆள் முன்னும் பின்னும் நடப்பது போலத்தான். இடைவெளியைக் கெட்டியாக வைத்தால் சத்தம் அடங்கும். ஆனால் வால்வின் தண்டு சூட்டில் நீளும்போது அது சீட்டில் முழுதாக அமராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்தச் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. அமராவிட்டால் விளிம்பு கருகும். கருகிய வால்வின் தலை ஓடும்போது ஒடிந்து பிஸ்டன்மேல் விழுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே இறுகும். அது திம்பம் வளைவில் நடந்தால்? பையனிடம் இதைச் சொன்னபோது பேச்சு மூச்சில்லை.

ஹெட்டைக் கழற்றினோம். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் ஒரு பக்கம் வெளுத்துத் தின்னப்பட்டிருந்தது. சரி, அது விளைவு. முதலில் வந்த சத்தத்துக்கு மூலம் எது?

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். புது எக்ஸாஸ்ட் வால்வு போட்டு, சீட்டோடு அறைத்து, ஹெட்டைத் திரும்ப மாட்டியதும் வால்வுத் தண்டின் உச்சியில் மார்க்கர் பேனா மை பூசி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ராக்கர் தடவிய தடம் உச்சியின் நடுவில், குறுகலாக இருக்க வேண்டும். இங்கே ஓரத்தில் இருந்தது. அதாவது ஒவ்வோர் அடியிலும் வால்வைக் கீழே அமுக்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. கைடு தேயும், சத்தம் வரும். சில கார் எஞ்சின்களில் புஷ்ராடு நீளத்தை மாற்றி இந்தத் தடத்தை நடுவுக்குக் கொண்டுவரலாம். இந்தப் புல்லட்டில் ராக்கர் ஹெட்டோடு இறுகிய பிளாக்கில் உட்கார்ந்திருப்பதால் அந்த வித்தை பலிக்காது. பிளாக்கின் உயரம் மாற வேண்டும், அல்லது ராக்கரே மாற வேண்டும். அந்த பிளாக்குகள் இரு பாதிகளாக ஜோடி சேர்ந்தவை. கழற்றும்போது ஜோடியைக் கலைத்துவிட்டால் ராக்கர் இறுகிக்கொள்ளும்.

இன்னொன்று, விகிதம். கேம் 7 மில்லிமீட்டர் தூக்கினால், 1.5 விகித ராக்கர் வால்வை 10.5 திறக்கும், 1.6 என்றால் 11.2. அந்த 0.7 மில்லிமீட்டருக்குள் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று முட்டலாம், ஸ்பிரிங் தொப்பி கைடில் இடிக்கலாம், வால்வு பிஸ்டனைத் தொடலாம். பிஸ்டன்மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டிச் சுற்றி, பிறகு களிமண்ணை வெட்டி அளந்தால் தெரிந்துவிடும். இன்லெட் பக்கம் 2, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். நம் பையன் வண்டியில் பிஸ்டன் தப்பித்தது. தொப்பிக்கும் கைடுக்கும் நடுவேதான் இடைவெளி மெலிந்திருந்தது. வெளியே ஓடும் எண்ணெய்க் குழாய்களையும் ஊதிப் பார்த்தேன். ராக்கருக்கு எண்ணெய் வராமல் கத்துவதும் உண்டு.

நுனியில் உருளை வைத்த அந்த ராக்கர்கள் கெட்ட சரக்கு என்று சொல்ல மாட்டேன். வேகமாக ஓட்டும் பந்தய வண்டிக்கு உராய்வு குறைவது லாபம். மணிக்கு 60 கிலோமீட்டரில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறவனுக்கு அது எதற்கு? தாத்தாவின் பழைய ராக்கர்கள் வீட்டில் தகர டப்பாவில் பத்திரமாக இருந்தன, தேய்மானமும் அதிகமில்லை. அவற்றையே திரும்பப் போட்டேன்.

டேப்பெட்டை எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, மறுநாள் காலையில் செட் செய்தேன். பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலை. புஷ்ராடு விரலால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. லேசான டிக் டிக் கேட்டால் கேட்கட்டும்.

பையனின் அம்மா மட்டும், "அண்ணா, சத்தம் இன்னும் வருதே" என்று கவலைப்பட்டார். "அது வரணும்மா" என்றேன். புது ராக்கர்களை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பையன் கையில் கொடுத்தேன். இருவரும் விடியற்காலை கிளம்பினார்கள். அன்று மதியமே பண்ணாரியிலிருந்து போன் வந்தது.