ரம்பம் மலிவு, கை கால்?

பழைய செயின் சாக்களும் மலிவு விலை மாடல்களும் நாடெங்கும் கைமாறுகின்றன. வாங்குமுன் எதைப் பார்ப்பது? மக்கர் செய்தால் எங்கே கை வைப்பது?

2019 மே 3. ஃபானி புயல் ஒடிசாவின் புரி அருகே கரையைக் கடந்தது. அன்று மாலைக்குள் புவனேஸ்வரத்தின் சாலைகள் பல, சாய்ந்த மரங்களுக்கு அடியில் மறைந்துவிட்டன. ஆம்புலன்ஸ் போவதற்கும் குடிதண்ணீர் லாரி வருவதற்கும் முதலில் தேவைப்பட்டது செயின் சா எனப்படும் சங்கிலி ரம்பம். அடுத்த ஆண்டு மே 20-ல் ஆம்பன் புயல் கொல்கத்தாவைப் புரட்டிப்போட்டபோதும் இதே கதைதான். கோடாரியும் இழுப்பு ரம்பமும் வைத்துக்கொண்டு நாலு பேர் அரை நாள் மல்லுக்கட்ட வேண்டிய மரத்தை, ஒரே ஆள் அரை மணியில் துண்டு போட்டுவிடுகிறார்.

இந்த மெஷின் மீட்புப் படைகளின் தனிச் சொத்தாக இருந்த காலம் மலையேறிவிட்டது. கோட்டயம் வட்டாரத்தில் வயதான ரப்பர் மரங்களைக் குத்தகைக்கு எடுத்து வெட்டுபவர்கள், குடகில் காபித் தோட்டத்து நிழல் மரங்களைக் கவாத்து செய்பவர்கள், இமாசலத்து ஆப்பிள் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் இது அன்றாடக் கருவி. ஆனால் பேர்பெற்ற கம்பெனியின் புது மெஷின் கூலித் தொழிலாளிக்கு எட்டாத விலை. எனவே அவர் முன் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, யாரோ பயன்படுத்திய பழைய மெஷின். மற்றொன்று, பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் சீனத் தயாரிப்பு.

இரண்டிலும் பணம் மிச்சமாகும். இரண்டிலும் ஏமாறவும் வாய்ப்புண்டு. ஏமாந்தால் போவது பணம் மட்டுமல்ல. முழு வேகத்தில் இந்தச் சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 70 கிலோமீட்டர். லாரி வேகத்தில் வரும் பற்கள், பிடித்திருப்பவரின் முழங்காலிலிருந்து ஓரிரு அடி தூரத்தில்.

முதல் கேள்வி பிரேக்

பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "ஸ்டார்ட் ஆகுமா?" கேட்க வேண்டியது, "நிற்குமா?"

சங்கிலி ஓடும் நீண்ட தகட்டைத் தொழிலில் 'பார்' என்கிறார்கள். அதன் நுனியின் மேல்பாதி ஏதாவது கிளையில் பட்டுவிட்டால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழும்பி ஓட்டுபவரின் முகத்தையோ தோளையோ நோக்கித் திரும்புகிறது. இந்த எதிர் உதையில் மனிதர் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்காகவே 1970-களில் வந்தது செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தடுப்பு, கை பட்டோ அதிர்ச்சியிலோ முன்னே சாய்ந்தால் சங்கிலி அந்தக் கணமே நின்றுவிட வேண்டும்.

சோதிப்பது எளிது. மெஷினை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, சங்கிலி எதிலும் படாமல் ஓடவிட்டு, பிடியை விடாமல் இடது மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளுங்கள். உடனே நின்றால் சரி. சறுக்கிக்கொண்டே ஓடினாலோ, தடுப்பே உடைந்து கழற்றப்பட்டிருந்தாலோ, மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை. சங்கிலி அறுந்தால் பிடித்துக்கொள்ளும் சிறு கொக்கி பாரின் அடியில் இருக்கிறதா, அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் அதிர்வை வாங்கும் விரல்கள் வெளுத்து மரத்துப்போவது இத்தொழிலில் தெரிந்த வியாதி.

அடுத்தது எஞ்சின். நீங்கள் போகும்போது மெஷின் சூடாக இருந்தால், விற்பவர் முன்பே ஓட்டிப் பார்த்துத் தயாராக வைத்திருக்கிறார் என்று பொருள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, இழுகயிற்றின் பிடியை மட்டும் பிடித்து மெஷினைத் தூக்குங்கள். நல்ல கம்ப்ரஷன் உள்ள எஞ்சின், விட்டு விட்டு மெதுவாக இறங்கும். தேய்ந்துபோன எஞ்சின் தொப்பென்று இறங்கிவிடும். இன்னும் சந்தேகம் தீரவில்லையா? எஞ்சின் ஆறியபின் சைலன்சரைக் கழற்றினால் துவாரம் வழியாக பிஸ்டன் கண்ணுக்குத் தெரியும். வழவழப்பாக இருந்தால் வாங்கலாம். நெடுக்கில் கீறல்கள் இருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலில் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். ரசீது கேட்பதும் அவசியம். திருட்டு மெஷினுக்குக் காகிதம் இருக்காது.

மலிவின் மர்மம்

புதிய மலிவு மாடல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. 52 சிசி, 58 சிசி என்று எழுதி, 18 முதல் 22 அங்குல பார் மாட்டி, பல பெயர்களில் வருகின்றன. இதில் ஒரு நன்மை உண்டு. கார்புரேட்டர், கிளட்ச், இழுகயிறு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும், மலிவாகக் கிடைக்கும். தீமை, தரத்துக்கு உத்தரவாதம் இல்லாதது. ஒரே பெட்டியிலிருந்து வரும் இரண்டு மெஷின்களில் ஒன்று நாலு வருடம் உழைக்கலாம், மற்றொன்று நாலாவது நாளில் படுக்கலாம். பிரபல கம்பெனிகளின் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே காப்பியடித்த போலிகளும் உலவுகின்றன. பாதி விலையில் 'ஒரிஜினல்' என்றால் உஷார்.

நீளமான பார் கௌரவச் சின்னமும் அல்ல. கவாத்துக்கும் விறகுக்கும் 14 அல்லது 16 அங்குலம் தாராளம். சின்ன எஞ்சினில் பெரிய பார் மாட்டினால் எஞ்சின் திணறும், கை சோரும். கையும் மனமும் சோர்ந்த நேரத்தில்தான் விபத்து வருகிறது.

பெட்ரோல் செய்யும் சேட்டை

மெக்கானிக்கிடம் வரும் மெஷின்களில் பலவற்றின் நோய் எரிபொருளில்தான் தொடங்குகிறது. இவை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பெட்ரோலோடு கலக்கும் ஆயில்தான் உள்ளே உயவு. நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பதைக் கையேடு சொல்லும். கண்ணளவில் ஊற்றுவதும், கார் எஞ்சின் ஆயிலை ஊற்றுவதும் பிஸ்டனுக்கு எமன்.

புதிய சங்கடம் எத்தனால். 2025-ல் நாட்டின் பெட்ரோல் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. பழைய மாடல்களின் கையேடுகள் பொதுவாக 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வையும் கெடுக்கும். மழைக்காலம் முழுக்க டாங்கில் பெட்ரோலோடு மூலையில் கிடந்த மெஷின் ஸ்டார்ட் ஆகாததில் ஆச்சரியம் என்ன? பரிகாரம் சுலபம். தேவையான அளவு மட்டும் கலக்குங்கள், ஒரு மாதத்துக்குள் தீருங்கள். எடுத்து வைக்குமுன் டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள்.

புழு கற்றுத்தந்த பாடம்

1940-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், மரத்தைக் குடையும் வண்டுப் புழுவைக் கூர்ந்து பார்த்தார். அது நேராகக் கடிக்கவில்லை. இடம், வலம் என மாறி மாறிக் கடித்து முன்னேறியது. அதே பாணியில் அவர் அமைத்த சங்கிலியின் வாரிசுகள்தான் இன்று உலகெங்கும் ஓடுகின்றன. ஆகவே இடப் பற்களும் வலப் பற்களும் ஒரே நீளத்தில், ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டு கோணலாகப் போகும்.

மொட்டைச் சங்கிலியைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. கூர்மையான சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவு போலத் தூவும். தூள் வந்தால் அழுத்தாதீர்கள், நிறுத்தி அரம் எடுங்கள். சதுர அரமோ முக்கோண அரமோ உதவாது. உருண்டை அரம் வேண்டும். .325 பிட்ச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர். சிறு மெஷின்களின் தாழ்வான 3/8 சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர். பெரும்பாலான சங்கிலிகளில் 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். புதுச் சங்கிலி வாங்கும்போது பிட்ச், தடிமன், கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

நோயும் மருந்தும்

பலமுறை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. துடைத்து, சோக் இல்லாமல் இழுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டாங்க் ஃபில்டர், குழாய், கார்புரேட்டர் என்ற வரிசையில் தேடுங்கள். ஸ்டார்ட் ஆகி, வேகம் கொடுத்ததும் அணைகிறதா? முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். வேகம் கொடுக்காமலே சங்கிலி சுற்றுகிறதா? ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். அப்படியும் சுற்றினால் கிளட்ச் ஸ்ப்ரிங் போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மரத்தருகே போகவே கூடாது.

பார் புகைகிறதா? அதற்கான ஆயில் வரவில்லை. வெளிர் நிறப் பலகையை நோக்கி நுனியைக் காட்டி, சற்று விலக்கி வைத்து ஓட்டினால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் துவாரத்தில் அடைப்பு. லாரியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் பலர். அதில் கலந்திருக்கும் உலோகத் துகள் பாரையும் பம்பையும் அரிக்கும்.

மிச்சப் பணம் எங்கே?

லுங்கியும் ரப்பர் செருப்புமாக இந்த மெஷினைத் தூக்குவது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். மலிவில் மிச்சமான பணத்தில் முதலில் வாங்க வேண்டியவை வலை முகமூடி வைத்த ஹெல்மெட், காதுக் கவசம், கனத்த பூட்ஸ், செயின் சாவுக்கான கால்சட்டை. இந்தக் கால்சட்டையின் உள்ளிருக்கும் நீண்ட இழைகள், பற்கள் பட்டதும் வெளிப்பட்டுச் சக்கரத்தில் சிக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். மெஷினின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டுவதால் காதுக் கவசமும் ஆடம்பரம் அல்ல.

மரம் உங்களுடையது என்பதற்காக உடனே அறுத்துவிட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். கர்நாடகத்தில் 1976-லும் டெல்லியில் 1994-லும் மேற்கு வங்கத்தில் 2006-லும் இயற்றப்பட்ட மரப் பாதுகாப்புச் சட்டங்கள், சொந்த நிலத்து மரங்களுக்கும் பொருந்தும். அனுமதியை வாங்கிவிட்டு மெஷினைத் தேடுங்கள்.

பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் பிரேக்கை ஓட்டிக் காட்டத் தயங்கும் வியாபாரியிடம் வேண்டாம். இரண்டு கால்களும் இருக்கும்போதே அடுத்த கடைக்கு நடந்துவிடுவது நல்லது.