வயாவும் புனிறும்: மகப்பேற்று உணவு வழக்கு

தொல்காப்பியர் உரியியலுள் பொருள் உணர்த்திய சொற்களுள் வயா, புனிறு என்பன இரண்டு. முன்னது வேட்கை மிகுதியையும் பின்னது ஈன்று அணிமையையும் குறிக்கும். இவ்விரு சொல்லும் இன்று பேச்சு வழக்கில் இல்லை. முன்னதன் இடத்தை மசக்கையும், பின்னதன் இடத்தைப் பச்சையுடம்பு என்னும் தொடரும் கொண்டுள்ளன. எனினும், அச்சொற்கள் சுட்டிய நிலைகளும் அவற்றைச் சூழ்ந்த உணவு வழக்கங்களும் மாறாது வாழ்கின்றன. அவற்றை ஒருங்கு நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சூலுற்றார்க்குப் புளிப்பின்மேல் விருப்பம் மிகுதல் யாவரும் அறிந்தது. கச்சிப்பேட்டு நன்னாகையார் குறுந்தொகை 287ஆம் பாட்டில், நீர் முகந்து மலை நோக்கி எழும் மேகத்திற்குப் பசும்புளியை அவாவும் முதிர்ந்த சூலுடைய மகளிரை உவமை கூறினார். புறநானூறு 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர்கிழார் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடுங்கால், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் கொள்ளார், வயாவுற்ற மகளிரே விரும்பி உண்பர் என்னும் கருத்தமைய வாழ்த்தினார். மன்னன் காவற்சிறப்பைக் கூறப் புகுந்த புலவர்க்கு மகளிர் மண்ணுண்ணும் செய்தி எளிதிற் கைவந்தது எனின், அஃது அந்நாளில் எத்துணைப் பரவிய வழக்காயிருந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

அவ்வழக்கு இன்றும் அற்றுப்போகவில்லை. அடுப்புமண், சாம்பல், திருநீறு, பச்சரிசி ஆகியவற்றைச் சூலுற்றார் மறைவில் உண்பதை ஊர்தோறும் காணலாம். பழைய தென்னார்க்காட்டினின்று 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கு வடக்கே உள்ள மேல்மலையனூரில் இவ்வழக்கொடு இயைத்து எண்ணத்தக்க சமயச் சார்பு ஒன்று உண்டு. அவ்வூர் அங்காளம்மன் கோயிலில் புற்று வழிபாடு சிறப்புடையது. புற்றுமண் அருட்பொருளாகக் கொள்ளப்படும். மாசி அமாவாசையன்று நிகழும் மயானக் கொள்ளையில் சூறையிடப்படும் கொழுக்கட்டை, தானியம், காய்கறி ஆகியவற்றை அடியார் எடுத்துச் செல்வர். பிள்ளைப்பேறு வேண்டுவார் அவற்றை உண்பதும் உண்டு. மண்ணும் சுடுகாட்டுப் படையலும் பிறப்பிற்குத் துணையாவன என்னும் நம்பிக்கை இங்கு வெளிப்படக் காண்கின்றோம். சங்கப் புலவர் கண்ட வயாவே இந்நம்பிக்கைக்கு மூலம் எனத் துணிதற்குச் சான்றில்லை. இரண்டும் அருகருகே வாழ்கின்றன என்ற அளவில் அமைவதே முறை.

மருத்துவ நூலார் மண்ணுண்ணும் விருப்பத்திற்கும் குருதியில் இரும்புச்சத்துக் குறைவிற்கும் தொடர்பு காண்பர். குறைவே விருப்பத்தை எழுப்புகின்றதோ என்பது இன்னும் முடிந்த முடிபன்று. எனினும், களிமண் உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடல் ஏற்கவொட்டாது தடுக்கவும், மண்வழியே புழுக்கள் குடலுட் புகவும் கூடும். ஆதலின் மண்ணுண்பாளை நகைத்தோ கடிந்தோ விடுதல் தகாது. அவள் குருதியை ஆய்ந்து பார்த்தலே தக்கது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் சூலுற்ற மகளிருள் நூற்றுக்கு 52.2 பேர் குருதிச்சோகை உடையர் என்பதை நோக்க, இதன் இன்றியமையாமை புலனாகும்.

இனிப் புனிற்றுக் காலத்து உணவு. நற்றிணை 40ஆம் பாட்டு, வெண்கடுகும் நெய்யும் கொண்டு முழுக்காடிய தாய் துயிலும் காட்சியைத் தீட்டுகின்றது. அவள் உண்டது யாது என்று அது கூறவில்லை. இன்றைய வழக்கில் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த மருந்தும், பூண்டுக் குழம்பும், கருவாடும், பால்சுறாப் புட்டும் ஈன்றாளுக்கு உரியன. பால் சுரத்தற்கு இவை வேண்டும் என்பர். சுறாவும் கருவாடும் புரதம் மிக்கவை ஆதலின், பத்தியம் முழுதும் பயனற்றது என்று தள்ளுதல் பொருந்தாது.

தீங்கு விளைப்பது பத்தியத்தின் கொடுத்தற் பகுதியன்று, மறுத்தற் பகுதியே. பிள்ளை பெருத்துப் பேறு அரிதாகும் என்று சூலுற்றாள் உணவைச் சுருக்குவதும், பச்சையுடம்பு என்று கூறி நீரை அளந்து கொடுப்பதும், கீரையும் பழமும் குளிர்ச்சி என விலக்குவதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கழித்துவிட்டுச் சேனை வைப்பதும் இப்பகுதியைச் சார்ந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி, சூலுற்றாளுக்கு நாள்தோறும் 350 கலோரியும், பாலூட்டுவாளுக்கு முதல் ஆறு திங்களில் 600 கலோரியும் மிகுதியாக வேண்டும். ஈன்றபின் தேவை குறையாது கூடுகின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வழக்கமோ அக்காலத்திலேதான் விலக்குகளைப் பெருக்குகின்றது.

இவ்விலக்குகளைப் பழமையின் பெயரால் காப்பாரும் உளர். முற்காட்டிய மூன்று பாட்டுக்களோ வயாவுற்றாள் விரும்புவதையும் ஈன்றாளைப் பேணுவதையும் கூறுகின்றனவேயன்றி, அவளுக்கு உணவும் நீரும் மறுப்பதைக் கூறவில்லை. அவை மருத்துவ நூல்கள் அல்ல ஆதலின், அந்நாளில் விலக்கே இல்லை என்று அவற்றைக்கொண்டு நிறுவுதல் இயலாது. ஆயினும், விலக்குக்கு அவை சான்றாகா என்பது உறுதி. வளைகாப்பன்று பலவகைச் சோறு சமைத்து ஊட்டும் கை, பேறு முடிந்தபின் ஒரு குவளை நீருக்குத் தயங்குதல் வேண்டா. ஊட்டுதலும் நம் வழக்கே. அதனை இறுதிவரை கொண்டுசெலுத்துதல் மரபிற்கு மாறாகாது.