முறிவு நெரிவு வைத்தியமும் நோயாளர் அநுபவமும்

உடலுழைப்பும் விளையாட்டும் ஒருங்கே செழித்த ஊர் நானாட்டான். கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்களில் நெல்மூடை சுமப்போரையும், மாலையில் உதைபந்தாடும் இளைஞரையும் இங்கே ஒருசேரக் காணலாம். ஆகவே நாரிப்பிடிப்பும், கணுக்கால் உளுக்கும், தோள்மூட்டு விலகலும் எம்மவர்க்குப் புதியனவல்ல. இவை நேர்ந்தவுடன் பலர் நாடுவது முறிவு நெரிவு வைத்தியரையே. அவர் கையாற் சுகம் பெற்றோம் என்பாரும் உளர். கை வளைந்து போயிற்று என வருந்துவாரும் உளர். இவ்விருவர் கூற்றையும் எவ்வாறு சீர்தூக்கல் வேண்டும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

வைத்தியர் முதலில் விரலால் தடவி நோவிடத்தை அறிகின்றார். விலகிய மூட்டை இழுத்து இருத்துகின்றார். எண்ணெய் பூசிச் சீலை சுற்றி, மட்டை வைத்துக் கட்டுகின்றார். குறித்த நாளிற் கட்டவிழ்த்துப் பார்த்து மீண்டும் கட்டுகின்றார். முறிந்த எலும்பை அசையாது வைத்தல் என்னும் அடிப்படை, ஆஸ்பத்திரியிற் போடும் பிளாஸ்ரர் கட்டுக்கும் இதற்கும் பொதுவானதே.

இக்கைத்திறன் எம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆந்திர தேசத்துப் புத்தூர்க்கட்டு தமிழ்நாட்டிலும் பெயர்பெற்றது. இங்கிலாந்தில் 1867ஆம் ஆண்டிலேயே சேர் ஜேம்ஸ் பாஜெற் என்னும் சத்திரவைத்தியர், எலும்பு கட்டுவோரிடமுள்ள நல்லதைக் கற்று அல்லதை விலக்குமாறு தம் துறையினர்க்கு அறிவுறுத்தினார். அமெரிக்காவில் டானியல் டேவிட் பாமர் என்பார் 1895ஆம் ஆண்டு செப்டெம்பரில் முதுகெலும்பைக் கையாற் சீர்ப்படுத்தும் கைரோபிராக்ரிக் முறையைத் தொடக்கினார். நோய்களிற் பெரும்பாலானவை முதுகெலும்பு பிசகுதலால் வருவன என்னும் அவர் கொள்கையை மருத்துவ விஞ்ஞானம் ஏற்கவில்லை. எனினும் நோவுக்காக அம்முறையை நாடுவோர் இன்றும் பல நாடுகளில் உளர். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ரொஞ்சன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். கைக்குப் புலப்படாத முறிவு அதன்பின் கண்ணுக்குப் புலப்படலாயிற்று.

இவ்வைத்தியர்களை நோயாளர் புகழ்வதற்குக் காரணம் உண்டு. வைத்தியர் அண்மையில் இருக்கின்றார். நோவுள்ள இடத்தைத் தொட்டுப் பார்க்கின்றார். விழுந்த கதையை முற்றாகக் கேட்கின்றார். இவ்வாறு கேட்கப்படுதலே நோயாளிக்குப் பாதி ஆறுதலாகும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. புதிதாய் வந்த நாரிநோவு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும் இயல்பினது. நோவு உச்சமுற்ற நாளிலேயே நாம் வைத்தியரிடம் ஓடுகின்றோம். அடுத்த வாரம் தணிந்ததும் எண்ணெய்க்கு நன்றி கூறுகின்றோம். மேலும், சுகப்பட்டவர் ஊரெல்லாம் சொல்வார். சுகப்படாதவர் வேறிடம் போய்விடுவார்.

அதனால் இம்முறை பயனற்றது என்பதும் பொருந்தாது. முதுகெலும்பைக் கையாற் சீர்ப்படுத்தல் பற்றிய 26 பரிசோதனைகளை ஒருங்கு நோக்கி 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, புதிய நாரிநோவில் அதனாற் சிறிதளவு நன்மை உண்டு எனக் கண்டது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரிநோவுக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் அம்முறை, உடற்பயிற்சி முதலியவற்றோடு இடம்பெற்றுள்ளது.

தீங்கு பெரும்பாலும் கட்டின் இறுக்கத்தால் விளைவது. அடிபட்ட உறுப்பு வீங்கும், கட்டோ நெகிழாது. இரத்தவோட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திற் தசை இறந்துபடும். இதனாற் கை சுருங்கிப்போதலை 1881இல் ஜெர்மானிய வைத்தியர் வோல்க்மன் விளக்கினார். முழங்கையருகே முறிவுற்ற சிறுவர்க்கு இவ்வாபத்து மிகுதி. கட்டிய பின் விரல் நீலித்தாலும், குளிர்ந்தாலும், மரத்தாலும், விரலை நீட்டுகையில் தாங்கொணா நோவு எழுந்தாலும் விடியட்டும் என்று காத்திராது உடனே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும்.

உறுப்புக் கோணியிருத்தல், காலூன்ற இயலாமை, எலும்பு வெளித்தோன்றும் காயம், நாரிநோவோடு கால் மரத்தல் அல்லது சலம் அடைபடல் ஆகியவற்றுக்கும் முதலில் ஆஸ்பத்திரியே தகும். கழுத்தைச் சடுதியாகத் திருப்பி நெட்டியெடுத்தலையும் தவிர்த்தல் நன்று. அரிதாயினும் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிதல் கூடும். சாதாரண உளுக்காயின் முதலிரு நாளும் சூடான எண்ணெய் தேய்க்காது, துணியிற் சுற்றிய பனிக்கட்டி வைத்து, காலை உயர்த்தி ஓய்வு கொடுத்தல் போதும்.

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டப்படி எம் நாட்டில் சுதேச வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகின்றனர். நாடிச் செல்லும் வைத்தியர் பதிவுபெற்றவரா என வினவுதல் அவமதிப்பன்று. ‘இதற்குப் படம் எடுத்து வாருங்கள்’ என்று நோயாளியைத் திருப்பியனுப்பும் வைத்தியரே நம்பத்தக்கவர்.

குழுவில் இடம் போய்விடுமோ என்றஞ்சி நோவை மறைக்கும் மாணாக்கரை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது நோயாளியையே முதலில் வைத்தார். தன் நோவை மறையாது சொல்லுதலும், எவரிடம் எப்போது செல்வது என அறிதலும் அந்நோயாளியின் கடனாகும். விளையாட்டுப் பயிற்றும் பழைய மாணவர்கள் இதனை இளையோர்க்கு உணர்த்துவாராயின், அது இவ்விழாவாண்டில் எமது கல்லூரிக்குச் செய்யும் நற்றொண்டாக அமையும்.