நனைந்த துணியின் பாரம்

கொழும்பு தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியை ஒட்டிய தோட்டங்களில், பொதுக் குழாயடியில் குளிக்கும் பெண்கள் குறுக்குக்கட்டுத்தான் கட்டுவார்கள். சீத்தைத் துணியை அக்குளுக்குக் கீழே சுற்றி, நெஞ்சருகே ஓரத்தை இறுக்கிச் செருகினால் போதும். சிங்களப் பெண்கள் இதைத் தியரெத்த என்பார்கள். வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்க இதைவிட வசதியான உடுப்பு இல்லை. நீந்தத்தான் முடியாது. கைகாலை வீசினால் செருகல் அவிழும், நனைந்த துணி காலைச் சுற்றும்.

பெண்களின் நீச்சலுடையை வெட்கத்தின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது பெரும்பாலும் துணியின் கதை.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் கம்பளிச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினார்கள். கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அவுஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மன்தான் உடலோடு ஒட்டிய ஒற்றை உடுப்பைப் பிரபலமாக்கினார். 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக நீச்சல் போட்டி வைத்தார்கள். 1930களில் இறப்பர் இழை கலந்த துணி வந்தது.

1946 ஜூலை 5ஆம் திகதி பாரிஸ் நீச்சல் தடாகமொன்றில் லூயி ரெயார் தான் வடிவமைத்த இரண்டு துண்டு உடுப்பைக் காட்டினார். அதை அணிந்து வந்தவர் மிஷெலின் பெர்னார்தினி என்ற நடனக்காரி. நான்கு நாள் முன்னர்தான் அமெரிக்கா பிகினித் தீவில் அணுகுண்டை வெடிக்கவைத்திருந்தது. ரெயார் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். அந்தச் சோதனைக்காக 167 பேரை அவர்களுடைய மண்ணிலிருந்து கிளப்பிவிட்டார்கள். இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்களின் நினைவு வரும்.

ஆனாலும் பெரிய மாற்றம் 1958இல்தான். டூபொன்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ், பிறகு லைக்ரா என்று பெயர் பெற்ற இழையை உருவாக்கினார். இழுத்தால் பல மடங்கு நீளும், விட்டால் பழைய அளவுக்கு வரும். நைலோனோடு கலந்தால் தண்ணீரை அதிகம் பிடித்து வைக்காது, விரைவாகக் காயும். 2004இல் சிட்னியில் அஹேதா ஸனெட்டி புர்கினியை உருவாக்கியபோதும் இத்தகைய இலகுவான துணிதான் கைகொடுத்தது. உடல் மூடியும் இருக்கலாம், நீந்தவும் செய்யலாம். எங்கள் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியம்.

இந்த உடுப்புகளில் ஒரு பங்கு நம் நாட்டிலேயே தைக்கப்படுகிறது. எம்.ஏ.எஸ். குழுமத்தின் லீனியா அக்குவா தொழிற்சாலையில் ஸ்பீடோ நீச்சலுடைகள் தைத்திருக்கிறார்கள். நேர்த் தையல் போட்டால் துணி நீளும்போது நூல் அறுந்துவிடும். அதனால் துணியோடு சேர்ந்து இழுபடும் வளைதையல் வேண்டும். அதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

வெள்ளவத்தைக் கடலில் சல்வாரோடு இறங்குகிற பெண்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. அலை இழுத்தால் நனைந்த சோலும் பருத்தியும் காலைக் கட்டிவிடும். கையும் காலும் மூடிய உடுப்புத்தான் வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள். ஆனால் லேபிளில் நைலோனோ பொலியெஸ்டரோ எலாஸ்டேனோடு, அதாவது லைக்ரா வகை இழையோடு, கலந்திருக்கிறதா என்று பாருங்கள். தடாகத்துக் குளோரின் எலாஸ்டேனைத் தின்னும். வீட்டுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் காயப் போடுங்கள்.