சால்மன் பேன்

சால்மன் பேன் என்பது இறால், நண்டு ஆகியவற்றைப் போல ஓட்டுடலி வகையைச் சேர்ந்த ஒரு புற ஒட்டுண்ணி. லெப்பியோப்தெய்ரஸ் சால்மோனிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நார்வே, ஸ்காட்லாந்து கரையோரங்களில் கூண்டுகளில் வளர்க்கப்படும் அட்லாண்டிக் சால்மன் மீன்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை.

முதிர்ந்த பெண் பேன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். ஆண் அதில் பாதி. தலையும் மார்பும் சேர்ந்து தட்டையான ஓடாக அமைந்திருக்கின்றன. ஓட்டின் விளிம்பில் உள்ள மெல்லிய சவ்வு மீனின் தோலோடு படிந்துகொள்வதால், மீன் எவ்வளவு வேகமாக நீந்தினாலும் பேன் கழன்றுவிடுவதில்லை. ஓட்டுக்கு அடியில் குழாய் போன்ற வாய் இருக்கிறது. அதனுள் இருக்கும் தாடைகள் மீனின் கோழையையும் தோலையும் சுரண்டும். ஆழம் போனால் இரத்தமும் உணவாகும். சால்மனின் உடல்நீரில் உப்பு கடல்நீரைவிடக் குறைவு. ஆகவே தோல் அரிக்கப்பட்ட இடத்தில் உடல்நீர் வெளியே கசியும், உப்பு உள்ளே ஏறும். புண் வழியாக நோய்க்கிருமிகளும் நுழையும். ஆற்றிலிருந்து அப்போதுதான் கடலுக்கு இறங்கிய சிறு மீனைக் கொல்லப் பத்துப் பன்னிரண்டு பேன்கள் போதும்.

பெண் பேனின் வாலோரம் இரண்டு முட்டைச் சரங்கள் தொங்கும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சோடி பொரிந்ததும் அடுத்த சோடி வெளிவரும். பொரிந்த குஞ்சுகள் முதல் இரண்டு பருவங்களில் எதையும் உண்பதில்லை. முட்டைக் கருவின் சேமிப்பிலேயே நீரோட்டத்தோடு மிதக்கின்றன. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மூன்றாம் பருவத்துக் குஞ்சுதான் மீனைப் பற்றுவது. அதுவும் உண்ணாது, சேமிப்பு தீருமுன் மீன் கிடைத்தாக வேண்டும், இல்லையேல் சாவுதான். வெளிச்சத்தை நாடி மேல்நீருக்கு வருகிறது. மீன் நீந்தும்போது எழும் அதிர்வை உணர்ந்து பாய்கிறது. பற்றிய பின் தலையின் முன்பக்கத்திலிருந்து ஓர் இழையைத் தோலில் பதித்துத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டில் இரண்டு பருவங்கள் கழிகின்றன. பிறகு மீனின் மேல் தாராளமாக ஊர்ந்து திரிந்து, மேலும் இரண்டு பருவங்கள் கடந்து முதிர்கிறது. மொத்தம் எட்டுப் பருவங்கள். 10 டிகிரி செல்சியஸ் நீரில் இந்த வளர்ச்சிக்கு ஆணுக்குச் சுமார் 40 நாளும் பெண்ணுக்குச் சுமார் 50 நாளும் ஆகும். நீர் சூடேறினால் நாட்கள் குறையும்.

மீன்கள் சிதறித் திரியும் திறந்த கடலுக்கு ஏற்ற வாழ்க்கை இது. அங்கே பெரும்பாலான குஞ்சுகள் மீனைக் காணாமலே அழியும். முட்டையிட ஆறேறும் சால்மனின் மேல் இருக்கும் பேன்களும் நன்னீரில் நிலைப்பதில்லை. கூண்டு வளர்ப்பு இந்தத் தடைகளை நீக்கிவிட்டது: ஆண்டு முழுதும், ஒரே இடத்தில், நெருக்கியடித்த மீன் கூட்டம்.

கூண்டுகளில் பேனை ஒழிக்க, தீவனத்தில் கலந்த எமாமெக்டின் பென்சோயேட் என்ற மருந்து நெடுநாள் கைகொடுத்தது. பேன்கள் எதிர்ப்புத்திறன் பெற்றதும் பயன் குறைந்தது. வெந்நீரில் சில நொடிகள் அமிழ்த்தும் முறை பேனைக் கழற்றும், ஆனால் மீனையும் வதைக்கும். பேன் தின்னும் மீன்களைக் கூண்டில் விடுவதும் உண்டு. அவை பெருமளவில் மடிவதை ஏற்க முடியவில்லை. குஞ்சுகள் மேல்நீரிலேயே திரள்வதால், கூண்டின் மேற்பகுதியைச் சுற்றித் திரை கட்டுவது இவற்றைவிட நல்ல வழி: உயிரியலை அறிந்து, பேன் வருமுன் தடுப்பது.

நார்வேயில் ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 முதிர்ந்த பெண் பேன் வரை சட்டம் அனுமதிக்கிறது; இளம் மீன்கள் கடலுக்கு இறங்கும் வசந்தகால வாரங்களில் 0.2. கேட்கச் சிறிய எண். ஆனால் ஒரு கூண்டில் 2,00,000 மீன்கள் வரை இருக்கலாம். 0.5 என்றாலே 1,00,000 பெண் பேன்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள். அந்தக் குஞ்சுகள் கூண்டோடு நிற்பதில்லை. நீரோட்டத்தில் பரவிக் காட்டு மீன்களையும் பற்றுகின்றன. மீன் ஒன்றுக்கு எத்தனை பேன் என்ற கணக்கு மட்டும் போதாது. ஒரு கடற்பகுதியில் எத்தனை மீன் வளர்க்கலாம் என்பதற்கும் வரம்பு தேவை.