வாயிலில் நிற்கும் முகவர்

ஒரு வணிகர் தம் பொருளை விற்றுத் தருமாறு பிறரை அமர்த்துவதும், விற்ற அளவுக்குத் தரகு கொடுப்பதும் மிகப் பழைய வழக்கம். இணைய வணிகத்தில் இவ்வழக்கம் புதிய வடிவம் பெற்றது. அமெரிக்காவின் அமேசன் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் இத்தகைய முகவர் திட்டமொன்றைத் தொடங்கியது. ஒருவர் தம் இணையத்தளத்தில் ஒரு நூலைப் பற்றி எழுதி, அமேசனுக்குச் செல்லும் இணைப்பையும் அதனருகே வைப்பார். அவ்வழியே சென்ற வாசகர் பொருள் வாங்கினால், எழுதியவருக்குத் தரகு கிடைக்கும். விற்பனை நடந்த பின்னரே பணம் கொடுப்பதால் வணிகருக்கு இழப்பேது என்று நாம் எண்ணலாம். ஆனால் இழப்புக்கும் இதில் இடமுண்டு.

கூகிள் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தன் தேடல் விளம்பர முறையைத் தொடங்கியது. மக்கள் தேடும் சொற்களுக்கு விளம்பரதாரர் விலை கூறுவர். அச்சொல்லைத் தேடுவோருக்கு அவர்தம் விளம்பரம் காட்டப்படக்கூடும். இப்பொழுது, முகவர் ஒருவர் வணிகரின் பெயருக்கே விலை கூறுகிறார் என வைத்துக்கொள்வோம். அப்பெயரைத் தேடுபவர் அக்கடைக்குச் செல்லவே புறப்பட்டவர். அவர் முகவரின் விளம்பரத்தை அழுத்தி, அதே கடையை அடைகிறார். தானே வரவிருந்தவருக்காக வணிகர் தரகு கொடுக்கிறார். வணிகரும் தம் பெயருக்கு விலை கூறினால், தம் முகவரோடு தாமே போட்டியிட்டு ஏலத்தை உயர்த்தியவராவார்.

பெயரைத் தேடுவோர் விளம்பரமின்றியும் வருவார்களா? ஈபே நிறுவனம் 2012ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தது. தன் பெயருக்குத் தானே கொடுத்துவந்த விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திற்று. விளம்பர வழியே வந்தோரில் நூற்றுக்கு 99.5 வீதத்தினர், கட்டணமற்ற தேடல் முடிவுகள் வழியே வந்துசேர்ந்தனர். எனினும், யாவரும் அறிந்த ஒரு நிறுவனத்தின் அனுபவம் எல்லாச் சிறு கடைகளுக்கும் பொருந்துமென்று கொள்ளலாகாது. போட்டிக் கடைக்காரர் நம் பெயருக்கு விலை கூறுமிடத்து நிலைமை வேறாகும்.

இத்தொல்லைக்குக் காரணம் முகவரின் பேராசை மட்டுமன்று. இறுதியாகக் கைகாட்டியவருக்கே முழுத் தரகும் என்னும் விதியும் காரணமாகும். பொருளின் குணங்குறைகளை ஆராய்ந்து எழுதியவர் வாங்குவோரை அழைத்துவருகிறார். பணம் செலுத்தும் வேளையில் தள்ளுபடிக் குறியீடு காட்டிய மற்றொருவர் தரகைப் பெற்றுச் செல்கிறார். இவ்வாறு நடப்பின் உழைக்கும் முகவர் மெல்ல விலகிவிடுவார்.

ஆகவே வணிகர் செய்யவேண்டுவன சில உள. முதலாவது, தம் பெயரையும் அதன் பிழையான எழுத்துவடிவங்களையும் முகவர்கள் விளம்பரச் சொற்களாக வாங்கலாகாதென ஒப்பந்தத்திலே தெளிவாக எழுதுதல். அமேசன் நிறுவனம் 2009ஆம் ஆண்டு மே மாதம் முதல், வட அமெரிக்காவில் கட்டணத் தேடல் விளம்பரங்கள் வழியே அனுப்பப்படுவோருக்குத் தரகில்லை என்றே விதித்தது. இரண்டாவது, கண்காணித்தல். வணிகரின் நகரிலும் அலுவலக நேரத்திலும் விளம்பரத்தை மறைத்து, பிற ஊர்களிலும் இரவிலும் காட்டும் முகவர் உளர். ஆதலால் பல இடங்களிலிருந்தும் பல வேளைகளிலும் தேடிப்பார்த்தல் வேண்டும். மூன்றாவது, புதிய வாடிக்கையாளரைக் கொணர்வோருக்குக் கூடுதலான தரகு அளித்தல். நான்காவது, தம் தளத்தைச் செம்மைப்படுத்தல். முகவர் எல்லோருக்கும் வழங்கிய அதே விவரணத்தையே தம் பக்கத்திலும் வைத்திருப்பவர், தேடலில் முகவருக்குப் பின்னே நிற்க நேர்ந்தால் வியப்பில்லை.

ஒன்றை மறத்தலாகாது. மழைக்காலத்துக்கேற்ற சப்பாத்து எது என்று தேடுவோருக்கு நம் முகவரின் கட்டுரை நம் தளத்துக்கு மேலே தோன்றினால், அது போட்டியன்று. அவர் அங்கே இல்லையேல் வேறொரு கடையின் முகவர் அவ்விடத்தில் நிற்கக்கூடும். எனவே, மேலே நிற்பவர் யார் என்பதைவிட, வருபவர் எதனைத் தேடி வந்தார் என்பதே முக்கியம். நம் பெயரை அறியாதவரை அழைத்துவருபவருக்குத் தரகு உரியது. நம் வாயிலில் நின்று, உள்ளே நுழைபவரை எண்ணுபவருக்கு அது உரியதன்று.