பிரெஞ்சு எண்ணநிலை இறந்தகால வினையும் தாராசுர ஆய்வும்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் பற்றிப் பிரான்சுவாஸ் லெர்னோ 1987இல் வெளியிட்ட நூலின் கட்டடக்கலை, சிற்பப் பகுதிகள் பிரெஞ்சில் அமைந்தவை. இத்தகைய நூல்களையும் இவற்றுக்கு முற்பட்ட பிரெஞ்சு ஆய்வுரைகளையும் பயில்வோர், இன்று பேச்சில் வழக்கொழிந்த எண்ணநிலை இறந்தகால வினையை இனங்காணப் பழகுதல் வேண்டும்.

எளிய இறந்தகாலத்தின் முன்னிலை ஒருமையை ஒட்டியே இவ்வினை அமையும். 'ஃப்யூ' தன்மை ஒருமையில் 'ஃப்யூஸ்' ஆகும். இடர்ப்பாடு படர்க்கை ஒருமையில்தான். அங்கு இருவகை வினையும் 'ஃப்யூ' என்றே ஒலிக்கும். எண்ணநிலை வினைக்கு உயிரெழுத்தின் மேல் இடப்படும் கூரைக்குறி ஒன்றே எழுத்தில் வேறுபாடு. குறியின்றேல் 'கோயில் கட்டிமுடிக்கப்பட்டது'. குறியுடன், 'முன்' எனப் பொருள்படும் இணைப்புச்சொல்லை அடுத்து வரின், 'கோயில் கட்டிமுடிக்கப்படுமுன்'. தமிழ் எச்சம் மூவிடத்துக்கும் பொது. பிரெஞ்சு வினையோ இடமும் எண்ணும் காட்டும். இணைப்புச்சொல்லை விலக்கிக் குறியையும் விட்டு மேற்கோள் எடுப்பின், முடிவுறாத திருப்பணி முடிவுற்றதாகிவிடும்.